கிளாக் இல்லாத பாடசாலையின் கடதாசி வேலை

பாடசாலையில் எத்தனை பிள்ளைகள் என்று சுற்றுநிருபம் பார்ப்பதில்லை. இலங்கையின் வடக்கே, யாழ்ப்பாணக் குடாநாட்டுக்குத் தெற்கே உள்ள வன்னியில், வவுனியா நகரத்தில் பிள்ளைகள் நிரம்பி வழியும், உயர்தரம் வரை எல்லாப் பிரிவும் உள்ள 1ஏபி பாடசாலைக்கும், ஒட்டுசுட்டானுக்கு உள்ளே காட்டோரத்தில் 60 பிள்ளைகளோடு தரம் 5 வரை மட்டும் நடக்கும் வகை 3 பாடசாலைக்கும் போவது ஒரே கடிதம், ஒரே படிவம், ஒரே கடைசித் திகதி. நகரத்து அதிபருக்குப் பக்கத்து அறையில் முகாமைத்துவ உதவியாளர், அதாவது கிளாக், இருப்பார். பிரதி அதிபர், பகுதித் தலைவர்கள், அபிவிருத்தி உத்தியோகத்தர்கள் என்று வேலையைப் பகிர ஆட்கள் உண்டு. காட்டோரப் பாடசாலையில் அதிபரே தரம் 4-க்குக் கணிதம் படிப்பிப்பார், மணி அடிப்பார், தண்ணீர்த் தாங்கி நிரம்பிவிட்டதா என்றும் எட்டிப் பார்ப்பார். படிவம் நிரப்புவதெல்லாம் இரவில், வீட்டில்.

விதிகளைத் தனியாக எடுத்துப் படித்தால் குறை சொல்ல அதிகம் இல்லை. பொதுப்பணம் களவு போகக்கூடாது, ஆளுக்கொரு நியாயம் நடக்கக்கூடாது என்பதற்காகத்தான் அரச பணத்துக்கான விதிகளான நிதிப் பிரமாணமும், அரச ஊழியருக்கான விதிகளான தாபனக் கோவையும் இருக்கின்றன. ஆனால் அவை சிலவற்றை இருப்பதாகவே எடுத்துக்கொள்கின்றன: ஒரு கிளாக், பூட்டுப் போடக்கூடிய களஞ்சிய அறை, போட்டி போட்டு விலை தர மூன்று கடைகள், நேரத்துக்கு ஓடும் பஸ், தொடக்க நாளிலிருந்து அறுபடாத பதிவேடுகள். வன்னியின் சிறிய பாடசாலைகளில் இல்லாதவை இவைதான். அதிபர் படும் பாட்டில் பெரும்பகுதி இந்த இல்லாமையைக் கடதாசியில் இருப்பதாகக் காட்டுவதற்கே செலவாகிறது.

முதலில் கடிதம் மேலே போகும் வழி. மாகாணப் பாடசாலை அதிபர் எழுதுவது கோட்டக் கல்விப் பணிப்பாளர் ஊடாக வலயக் கல்விப் பணிப்பாளருக்குப் போகும். அவருக்கு மேலே மாகாணக் கல்வித் திணைக்களம், அதற்கு மேலே மாகாணக் கல்வி அமைச்சு. தேசிய பாடசாலைகள் மட்டும் பத்தரமுல்லை இசுருபாயவில் உள்ள மத்திய கல்வி அமைச்சின் கீழ். வன்னியில் கிளிநொச்சி வடக்கு, கிளிநொச்சி தெற்கு, முல்லைத்தீவு, துணுக்காய், மன்னார், மடு, வவுனியா வடக்கு, வவுனியா தெற்கு என்று எட்டு வலயங்கள் உண்டு. ஆனால் முடிவெடுக்கும் கையெழுத்து பலவற்றுக்கு யாழ்ப்பாணம்தான் போக வேண்டும். முல்லைத்தீவிலிருந்து பரந்தன் வழியாக அது 100 கிலோமீற்றருக்கு மேல். நெடுங்கேணிப் பக்கம் என்றால் முதலில் புளியங்குளத்துக்கு வந்து ஏ9 வீதியைப் பிடிக்க வேண்டும். ஒரு பஸ் தவறினால் அன்றைய நாள் போயிற்று. 2018 ஒக்ரோபரில் வடக்கு மாகாண சபையின் பதவிக்காலம் முடிந்ததோடு மாகாணக் கல்வி அமைச்சர் என்று ஒருவரும் இல்லாமல் போனார். அதன் பிறகு ஆளுநரும் செயலாளர்களும் நடத்தும் நிர்வாகம்தான். ஊர் உறுப்பினரைப் பிடித்துச் சபையில் ஒரு கேள்வி கேட்பிக்கும் வழியும் அடைபட்டுப் போயிற்று.

'ஊடாக' அனுப்பும் கடிதம் ஒவ்வொரு மேசையிலும் திகதி முத்திரை வாங்கிக்கொண்டு போகும். எங்கே நிற்கிறது என்று கேட்டால் பணிப்பாளர் கூட்டத்துக்குப் போயிருப்பார், அல்லது விடயத்துக்குப் பொறுப்பானவர் லீவில் நிற்பார். பழகின அதிபர்கள் இதற்கு இரண்டு காரியம் செய்வார்கள். கடிதத்தின் முற்கூட்டிய பிரதியொன்றை நேரே மேலிடத்துக்கும் அனுப்புவார்கள். வெளிச்செல்லும் தபால் பதிவேட்டில் இலக்கம் போட்டு, அந்த இலக்கத்தையே அடுத்த நினைவூட்டல் கடிதத்தின் தலைப்பில் எழுதுவார்கள். இலக்கமும் திகதியும் இல்லாமல் 'முன்னர் அனுப்பிய கடிதம்' என்று எழுதினால் 'அப்படி ஒன்று கிடைக்கவில்லை' என்று ஒரு வரியில் பதில் வரும்.

இனிக் காசு. பாடசாலைக்கு வரும் அரச பணத்தில் அதிபர் கையால் செலவழிக்கக் கூடியது பெரும்பாலும் தரஉள்ளீட்டு நிதிதான். கற்றல் கற்பித்தலுக்கு வேண்டிய கடதாசி, வரைபடம், இரசாயனப் பொருள், பந்து போன்றவற்றுக்கு. பிள்ளைகளின் தொகையை வைத்து ஒதுக்கப்படுவதால் சிறிய பாடசாலைக்குச் சிறிய தொகை. ஆனால் அதைச் செலவழிக்கும் படிகளில் ஒன்றும் குறையாது. ஆசிரியர்களிடம் தேவைப் பட்டியல் வாங்கி, அதை வருடாந்த அமுலாக்கல் திட்டத்தில் சேர்த்து, பாடசாலை அபிவிருத்திக் குழுவில் தீர்மானமாக்கி, வலயத்தின் அனுமதி பெற வேண்டும். காசு வந்த பின் விலைக்கூறல் கோரி, கொள்வனவுக் குழு கூடி ஒப்பிட்டு, கட்டளை எழுதி, சாமானை எண்ணிப் பொறுப்பெடுத்து, நிலைப்பவை பொருட் பதிவேட்டிலும் தீர்ந்துபோகிறவை இருப்புப் புத்தகத்திலும் ஏறி, பொது 35 என்ற கொடுப்பனவு வவுச்சர் எழுதி, இரண்டு கையெழுத்தோடு காசோலை போக வேண்டும்.

பிழை வருவது அநேகமாகத் தொகையில் அல்ல, திகதியில். கணக்காய்வுக்கு வருகிறவர் கூட்டல் கழித்தலைப் பிறகுதான் பார்ப்பார். முதலில் கூட்ட அறிக்கையையும் விலைக்கூறலையும் பில்லையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துத் திகதியை ஓட்டிப் பார்ப்பார். குழு கூடியது 14ஆம் திகதி, பில் 12ஆம் திகதி என்றால் அது ஐயவினா, அதாவது விளக்கம் கேட்கும் கணக்காய்வுக் கேள்வி. சாமான் முழுவதும் அலுமாரியில் இருந்தாலும் ஐயவினாதான். தனியாளாக எல்லாம் எழுதுகிறவர்கள் சாமானை வாங்கிவிட்டுக் கடதாசியைப் பிறகு சரிக்கட்டுவதால்தான் இது நடக்கிறது. வெறும் கையால் செய்யக்கூடிய ஒரே காவல், கொள்வனவு தொடங்கும் நாளில் பைலின் உள்மட்டையில் படிகளை வரிசையாக எழுதி, ஒவ்வொன்றும் நடந்த அன்றைக்கே திகதி போடுவது.

மூன்று விலைக்கூறல் என்பது தனிக் கதை. மல்லாவியிலோ நெடுங்கேணியிலோ விஞ்ஞான உபகரணம் விற்க எத்தனை கடை இருக்கும்? ஊர்க்கடை ஒன்று விலை தரும். மற்ற இரண்டுக்கும் கிளிநொச்சி, வவுனியா என்று அலைய வேண்டும். அங்கே விலை சில நூறு ரூபா குறைவாக வரும். மிகக் குறைந்த விலையைத்தான் எடுக்க வேண்டும் என்பது விதி. ஆனால் அந்தச் சாமானை ஊருக்குக் கொண்டுவரும் ஓட்டோக் கூலி விலைக்கூறலில் இல்லை, அது அதிபரின் பொக்கற்றில் இருந்து போகும். கோரல் கடிதத்தில் 'பாடசாலைக்குக் கொண்டுவந்து இறக்கும் விலை' என்று ஒரு வரி சேர்த்தால் போதும், ஊர்க்கடை பெரும்பாலும் தானாகவே குறைந்த விலைக்கு வந்துவிடும். இந்த ஒரு வரி தெரியாமல் வருடக்கணக்காகக் கூலி கட்டியவர்கள் இருக்கிறார்கள்.

இன்னொரு வழியும் உண்டு, எல்லாருக்கும் தெரியும், யாரும் எழுதுவதில்லை. கடைக்காரரே லாச்சியைத் திறந்து வேறு இரண்டு கடைகளின் தலைப்புக் கடதாசியை எடுத்து, 'சேர், மிச்ச ரெண்டையும் நானே போட்டுத் தாறன்' என்பார். மூன்று கடதாசியிலும் ஒரே எழுத்துப் பிழை இருக்கும். ஒரு ரூபாவும் களவு போயிராது, சாமானும் நல்ல சாமானாக இருக்கும். ஆனால் ஆவணம் பொய். நேர்மையான அதிபர் மாட்டுப்படுகிற இடம் இதுதான். மூன்று கடை இல்லாத ஊரில் மூன்று கடை விலை கேட்கும் விதி, களவைத் தடுப்பதைவிடப் பொய்க் கடதாசி செய்யப் பழக்குவதில்தான் கெட்டித்தனமாக இருக்கிறது என்பது என் எண்ணம்.

2022 பொருளாதார நெருக்கடியில் இது இன்னும் சிக்கலானது. கடைக்காரர்கள் விலைக்கூறலின் அடியில் 'மூன்று நாட்களுக்கு மட்டும்' என்று எழுதித் தந்தார்கள். குழு கூடி முடிவெடுப்பதற்குள் ஒரு றீம் கடதாசியின் விலை ஏறிவிடும், திரும்பவும் முதலில் இருந்து கேட்க வேண்டும். சாதாரண வருடத்திலும் காசு பிந்தித்தான் வரும். டிசம்பர் 31-க்குள் முடிக்காவிட்டால் திரும்பிப் போய்விடும். நவம்பரில் வன்னியில் மழை. சில கிராமங்களுக்குப் போகும் வீதியில் பாலத்துக்கு மேலால் தண்ணீர் பாயும். அந்த நேரத்தில் வேண்டியதை வாங்க முடியாது, கிடைப்பதைத்தான் வாங்கலாம். தை மாதம் போய்ப் பார்த்தால், கரும்பலகைக்குப் பூச மை இருக்காது, பூகோள உருண்டை மூன்று இருக்கும்.

பொருட் பதிவேட்டை இன்வென்ரறி என்றுதான் எல்லாரும் சொல்வார்கள். அதிபர்களின் நித்திரையைக் கெடுக்கும் புத்தகம் இது. ஒவ்வொரு மேசைக்கும் கதிரைக்கும் இலக்கம் பெயின்ரால் எழுதியிருக்க வேண்டும். வருட முடிவில் வலயம் நியமிக்கும் பொருட் கணக்கெடுப்புச் சபை வரும், அநேகமாக அயல் பாடசாலை அதிபரும் இரண்டு ஆசிரியர்களும். புத்தகத்தில் 84 கதிரை என்றால் 84 கதிரையைக் காட்ட வேண்டும். கூடினாலும் பிரச்சினை, குறைந்தாலும் பிரச்சினை. பாவிக்க முடியாதவற்றை அவர்கள் தனிப் பட்டியலாக்கி, திருத்துவதா, ஏலம் விடுவதா, அழிப்பதா என்று சிபாரிசு எழுதுவார்கள். அந்தச் சிபாரிசு மேலே போய் அனுமதியாகத் திரும்பி வரும்வரை உடைந்த கதிரையும் கதிரைதான்.

இதனால் வன்னியில் பல பாடசாலைகளில் ஓர் அறை கழிவுத் தளபாடத்துக்கென்றே போய்விடுகிறது. சில இடங்களில் வகுப்பறையே குறைவு. பிள்ளைகள் மரத்தடியில் இருக்க, அறைக்குள் இருப்பது கறையான் தின்ற மேசைகள். பலகை முழுவதும் மண்ணாகிப்போன பின்னும் இரும்புக் கால்களைக் கட்டி வைத்திருப்பார்கள், கால் இருந்தால் மேசை இருக்கிறது என்று சபைக்குக் காட்டலாம். காலில் இலக்கம் எழுதியிருந்தால் இன்னும் நல்லது. அதனால்தான் அனுபவமுள்ள அதிபர்கள் இலக்கத்தைப் பலகையில் எழுத விடமாட்டார்கள், இரும்பில் எழுதுவிப்பார்கள். பழுதான கணினி என்றால் கணினி வள நிலையத்தில் இருந்தோ அதற்குத் தகுதியான ஒருவரிடம் இருந்தோ திருத்த முடியாது என்ற அறிக்கை வேண்டும். அது வரும்வரை பல்லி குடியிருக்கும் மொனிற்றர்களும் அரச சொத்துத்தான்.

போருக்குப் பின் மீள்குடியேற்றத்தோடு இன்னொரு சிக்கலும் வந்தது. 2009-க்குப் பிறகு பாடசாலைகள் திரும்பத் தொடங்கியபோது யுனிசெப்பும் பல தொண்டு நிறுவனங்களும் கூடாரம், கதிரை, தண்ணீர்த் தாங்கி, புத்தகப் பெட்டி எல்லாம் கொடுத்தன. லொறி வந்து இறக்கிவிட்டுப் போனது. கடிதம் பின்னால் வரவில்லை. பெறுமதி தெரியாத நன்கொடைப் பொருளை எப்படிப் பதிவது என்று தெரியாமல் பலர் விட்டுவிட்டார்கள். பின்னால் வந்த அதிபருக்குப் புத்தகத்தில் இல்லாத 40 கதிரை மிச்சம், புத்தகத்தில் உள்ள 30 கதிரையைக் காணோம். இரண்டையும் கழித்துச் சரி என்று சொல்ல விதியில் இடமில்லை. இல்லாததற்கு இழப்பு அறிக்கை, இருப்பதற்குச் சபையின் மதிப்பீட்டோடு புதுப் பதிவு என்று தனித்தனியே போக வேண்டும்.

களவு போனால் இன்னும் பாடு. காவலாளி இல்லாத பாடசாலையில் விடுமுறை நாளில் மடிக்கணினி போய்விடுகிறது. அன்றைக்கே பொலிஸில் முறைப்பாடு, வலயத்துக்கு அறிவித்தல், நிதிப் பிரமாணம் 104-இன்படி ஆரம்ப அறிக்கை, மூன்று மாதத்துக்குள் முழு அறிக்கை. விசாரணையில் முதல் கேள்வி, 'திறப்பு யாரிட்ட இருந்தது?' காவலாளி ஏன் நியமிக்கப்படவில்லை என்ற கேள்வி அந்தப் படிவத்தில் இல்லை. ஆகவே காவலாளி கேட்டு எழுதிய பழைய கடிதங்களின் பிரதிகளை அதே பைலில் சேர்த்துவைப்பது அதிபரின் பாதுகாப்பு. பொறுப்பை யார் தலையில் போடுவது என்ற கட்டம் வரும்போது அந்தப் பிரதிகள்தான் பேசும்.

வன்னிக்கே உரிய வேலை ஒன்று இருக்கிறது, வேறு மாவட்டத்து அதிபர்களுக்கு விளங்கப்படுத்துவது கஷ்டம். 2008, 2009 போர்க்கால இடப்பெயர்வில் பல பாடசாலைகளின் சேர்விடாப்பும் (பிள்ளைகளைச் சேர்த்த பதிவேடு) வரவிடாப்பும் (அன்றாட வரவுப் பதிவேடு) இல்லாமல் போயின. அந்தக் காலத்தில் படித்தவர்களில் பலர் இன்று முப்பது வயதைக் கடந்து, வேலைக்கோ வெளிநாட்டுக்கோ விடுகைப் பத்திரம் (பாடசாலையை விட்டு விலகியதற்கான சான்றிதழ்) கேட்டு வருகிறார்கள். ஒரே பிள்ளை கிளிநொச்சியில் ஒரு பாடசாலை, புதுக்குடியிருப்பில் இடம்பெயர்ந்து இயங்கிய ஒன்று, செட்டிகுளம் மனிக்பாம் இடம்பெயர்ந்தோர் முகாமில் ஒன்று, திரும்பி வந்த பின் இன்னொன்று என்று படித்திருக்கும். இடையில் எந்த இடத்திலும் விடுகைப் பத்திரம் எடுத்திருக்காது. குண்டு விழுகிற நேரத்தில் யார் அதை எழுதினார்கள்?

இடாப்பில் இல்லாததை அதிபர் அத்தாட்சிப்படுத்த முடியாது. வந்தவரைத் திருப்பி அனுப்பவும் மனம் வராது. நடைமுறையில் செய்யக்கூடியது இவ்வளவுதான். பிறப்புச் சான்றிதழ், கிராம அலுவலரின் வதிவிடச் சான்று, சமாதான நீதவான் முன் முடித்த சத்தியக் கடதாசி ஆகியவற்றை வாங்க வேண்டும். தரம் 5 புலமைப்பரிசிலோ தரம் 11 முடிவில் வரும் ஓ.எல்லோ எழுதியிருந்தால் பரீட்சைச் சுட்டிலக்கம் கேட்க வேண்டும். பரீட்சைத் திணைக்களத்தின் பெறுபேற்றில் பாடசாலையின் பெயர் இருக்கும், எல்லாவற்றிலும் பலமான சான்று அதுதான். அந்தக் காலத்தில் படிப்பித்த ஆசிரியர் ஒருவரின் கடிதம் கிடைத்தால் நல்லது. இவற்றோடு வலயத்துக்கு எழுதி, எழுத்தில் அனுமதி வந்த பிறகே எதையும் வழங்க வேண்டும். இரக்கப்பட்டுப் பழைய சேர்விலக்கம் ஒன்றை ஊகித்துப் போட்டுக் கொடுத்துவிட்டால், அதே இலக்கத்தோடு இன்னொருவர் மூலப் பிரதியைக் கொண்டுவரும் நாளும் வரும். இடாப்பு இல்லை, ஆனால் இன்னார் இங்கே படித்ததற்கு இன்னின்ன ஆதாரங்கள் காட்டப்பட்டன என்று மட்டும் எழுதும் கடிதம் பாதுகாப்பானது. வேலை கொடுப்பவர்கள் பலர் அதையே ஏற்றுக்கொள்கிறார்கள். ஏற்காத தூதரகங்களும் உண்டு.

போர் முடிகிற காலத்தில் பிறந்த பிள்ளைகள் ஓ.எல்லுக்கு வந்தபோது இதே சங்கதி வேறு ரூபத்தில் வந்தது. 15 வயதில் தேசிய அடையாள அட்டைக்கு அதிபர் ஊடாக விண்ணப்பிக்க வேண்டும். பிறப்புப் பதிவு இல்லாத பிள்ளைக்கு முதலில் காலங்கடந்த பதிவு அல்லது உத்தேச வயதுச் சான்றிதழ், பிறகுதான் மற்றது. புகைப்படம் பதிவு செய்யப்பட்ட ஸ்ரூடியோவில் எடுக்க வேண்டும், ஸ்ரூடியோ ரவுனில். தரம் 10-இல் பிறப்புச் சான்றிதழ்களைச் சேகரித்துப் பார்க்காத பாடசாலையில் பரீட்சைக்கு இரண்டு மாதம் இருக்கும்போது ஓட்டம் தொடங்கும்.

ஆசிரியர் விடயத்தில் ஒரு சொல்லைச் சுற்றித்தான் எல்லாம் நடக்கிறது: பதிலீடு, அதாவது போகிறவருக்குப் பதிலாக வரும் ஆசிரியர். யாழ்ப்பாணத்தில் இருந்து நியமனம் பெற்று வரும் ஆசிரியர்கள் கஷ்டப் பிரதேச சேவைக்காலம் முடிந்ததும் ஊருக்கு இடமாற்றம் கேட்பார்கள். அதில் பிழை சொல்ல முடியாது. விடிய நாலு மணிக்கு எழும்பி பஸ் ஏறி, பிள்ளையைத் தாயிடம் விட்டு வருகிறவர்கள் அவர்கள். இடமாற்றக் கடிதத்தில் 'பதிலீட்டுடன் விடுவிக்கவும்' என்று இருந்தால் அதிபருக்கு நிம்மதி, ஆசிரியருக்கு மனக்கசப்பு. பதிலீடு வரும்வரை விடமாட்டேன் என்றால் அதிபர் கெட்டவர். விட்டுவிட்டால் கணிதத்துக்கு ஆள் இல்லை என்று பெற்றோர் கேற்றைப் பூட்டுவார்கள், அப்போதும் அதிபர்தான் கெட்டவர். அந்த இடமாற்றத்தை அவர் எழுதவும் இல்லை, நிறுத்தும் அதிகாரமும் அவருக்கு இல்லை.

'தற்காலிக இணைப்பு' இதைவிட மோசம். ஆசிரியரின் பெயரும் சம்பளமும் இந்தப் பாடசாலையில், ஆள் வேறொரு பாடசாலையில். ஆளணிப் பட்டியலைப் பார்க்கும் வலயத்துக்கு இங்கே ஆங்கில ஆசிரியர் ஒருவர் இருக்கிறார், ஆகவே வெற்றிடம் இல்லை. வகுப்பறையைப் பார்க்கும் பிள்ளைக்கு ஆங்கிலம் இல்லை. ஒவ்வொரு ஆளணி விபரத்திலும் 'பெயரளவில்', 'கடமையில்' என்று இரண்டு நிரலாகப் பிரித்துக் காட்ட வேண்டும். படிவத்தில் ஒரு நிரல்தான் இருந்தாலும் பக்கத்தில் கோடு போட்டு எழுத வேண்டும். இல்லாவிட்டால் அடுத்த நியமனப் பட்டியல் வரும்போது இந்தப் பாடசாலையைத் தாண்டிப் போய்விடும்.

வட்ஸ்அப் வந்த பிறகு சுற்றுநிருபத்துக்கு இருந்த மரியாதையும் போயிற்று, அவகாசமும் போயிற்று. காலை 11.40-க்குக் குறுஞ்செய்தி: 'அனைத்து அதிபர்களும் பி.ப. 2.00 மணிக்கு முன் பின்வரும் விபரத்தை அனுப்பவும்.' திட்டமிடல் கிளை கேட்ட அதே மாணவர் தொகையை அபிவிருத்திக் கிளை கேட்கும், பிறகு கணக்குக் கிளை கேட்கும். நெமிஸ் என்ற கல்வித் தரவுத் தளத்தில் அது ஏற்கெனவே ஏறியிருக்கும். ஆனாலும் கையால் எழுதி, படம் பிடித்து அனுப்பு என்பார்கள். சில கிராமங்களில் சிக்னல் பிடிக்கக் குளக்கட்டில் ஏறி நிற்க வேண்டும். கிடைக்காத அதிபரின் பெயர் பின்னேரம் குழுவில் 'இதுவரை அனுப்பாதோர்' பட்டியலில் வரும். கொழும்பில் இருந்து வருகிற கடிதம் சிங்களத்தில் மட்டும் வந்து, தமிழ்ப் பிரதி கடைசித் திகதிக்குப் பிறகு வந்த சந்தர்ப்பங்களும் உண்டு.

தரவு முரண்படுவதுதான் இதில் உண்மையான ஆபத்து. மாசியில் 61 பிள்ளை, பங்குனியில் ஒருவர் விலகி 60. இரண்டு கிளைக்கு இரண்டு எண் போனால் விளக்கம் கேட்டுக் கடிதம் வரும். ஒவ்வொரு மாத முதல் நாளும் ஒரு பக்கத்தில் மாணவர், ஆசிரியர், தளபாடம், மலசலகூடம், கிணறு என்று எல்லாத் தொகையையும் திகதியோடு எழுதிக் கைபேசியில் படமாக வைத்திருந்தால், அந்த மாதம் யார் கேட்டாலும் அதையே அனுப்பலாம்.

சத்துணவுக்கும் தனிப் பதிவேடுகள் உண்டு: அன்றாட வரவு, உணவு வகை, சமைப்பவரின் மருத்துவச் சான்று, பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வந்துபோன குறிப்பு. சமைப்பது ஊரில் உள்ள ஒரு தாய். பில் அனுப்பிக் காசு வரப் பிந்தினால் அவர் கடையில் கடன் சொல்லிப் பருப்பு வாங்குவார். கடன் ஏறி ஒரு நாள் 'சேர், இனி ஏலாது' என்பார். பில்லில் உள்ள தொகை அன்றைய வரவிடாப்போடு ஒரு பிள்ளை முரண்பட்டாலும் முழு மாதப் பில்லும் திரும்பி வரும். ஆகவே உணவுப் பதிவேட்டை வரவிடாப்பு மூடிய பிறகே எழுத வேண்டும், காலை ஊகத்தில் எழுதக்கூடாது.

மரத்தைப் பற்றி ஒரு பந்தி எழுதாவிட்டால் வன்னி அதிபர்கள் கோபிப்பார்கள். வகுப்பறைக் கூரைக்கு மேல் முதிரைக் கொப்பு ஒன்று சாய்ந்து நிற்கிறது. அதை வெட்ட வலயத்துக்கும் பிரதேச செயலகத்துக்கும் எழுத வேண்டும். கிராம அலுவலர் வந்து பார்த்து அறிக்கை தருவார். மரத்தைப் பொறுத்து வனவளத் திணைக்களம், மரக் கூட்டுத்தாபனம் என்று போகும். பலா, ஈரப்பலா, பெண் பனை ஆகியவற்றுக்கு 1951-ஆம் ஆண்டிலிருந்தே தனிச் சட்டம் உண்டு. கடதாசி சுற்றி முடிவதற்குள் வாடைக்காற்று தொடங்கிவிடும். கொப்பு தானாக முறிந்து விழுந்தால் வேலை சுலபம், இழப்பு அறிக்கை ஒன்று எழுதினால் போதும். விழுவதற்கு முன் அந்த வகுப்பைப் பூட்டிப் பிள்ளைகளை வேறு இடத்தில் இருத்தியதை லொக் புத்தகத்தில், அதாவது பாடசாலை நாட்குறிப்பில், திகதியோடு எழுதி வைத்திருக்க வேண்டும்.

புலம்பெயர்ந்த பழைய மாணவர்கள் தரும் கட்டடம் வன்னியில் பெரிய ஆசையும் பெரிய தலையிடியும். ரொறன்ரோவில் இருந்தோ லண்டனில் இருந்தோ ஒருவர் 'அண்ணை, காசு நாங்கள் தாறம், நீங்கள் தொடங்குங்கோ' என்பார். கோடை விடுமுறையில் வந்து நாடா வெட்ட வேண்டும் என்பது அவரின் கணக்கு. பாடசாலைக் காணிக்கோ பல இடங்களில் சரியான உறுதியோ அனுமதிப்பத்திரமோ இல்லை. சில இடங்களில் போருக்குப் பிறகு போட்ட வனவளத் திணைக்களத்தின் எல்லைக்கல் விளையாட்டு மைதானத்துக்குள் நிற்கிறது. காணி தெளிவானால் வரைபடம், தொழில்நுட்ப உத்தியோகத்தரின் மதிப்பீடு, மாகாணத்தின் எழுத்து அனுமதி, நன்கொடையாளரோடு உடன்படிக்கை. காசு தனியாள் கணக்குக்கு வரக்கூடாது, அதிபரின் கணக்குக்கு வரவே கூடாது. பாடசாலை அபிவிருத்திச் சங்கக் கணக்குக்கு வந்து பற்றுச்சீட்டு எழுத வேண்டும்.

அனுமதிக்கு முன் அத்திவாரம் வெட்டிய கட்டடங்கள் கட்டி முடிந்து நிற்கின்றன, பெயர்ப்பலகையும் மின்னுகிறது. ஆனால் வலயத்தின் கட்டடப் பட்டியலில் இல்லை. ஓடு பறந்தால் திருத்தக் காசு ஒதுக்க முடியாது, ஏனென்றால் அப்படி ஒரு கட்டடமே இல்லை. நன்கொடையாளருக்கு முதல் தொலைபேசியிலேயே 'ஒரு வருடம் எடுக்கும்' என்று சொல்லிவிடுவது நல்லது. சொன்னால் சிலர் விலகிப்போவார்கள். விலகாமல் நிற்பவர்களின் கட்டடத்துக்குத்தான் பத்து வருடம் கழித்தும் சுண்ணாம்பு பூசக் காசு கிடைக்கிறது.

அதிபர் மாறும்போதுதான் இவ்வளவும் ஒரே மேசையில் வந்து விழும். ஓய்வு பெறுகிறவர் ஒரு வருடத்துக்கு முன்னரே இன்வென்ரறியை எண்ணத் தொடங்க வேண்டும். குறைவு ஒன்று எழுதித் தீர ஒரு கணக்கெடுப்புச் சபை சுற்று முழுதாக வேண்டும், தீராத ஐயவினா ஓய்வூதியப் பைலை நிறுத்தி வைக்கும். பொறுப்பேற்கிறவர் எண்ணாமல் கையெழுத்து வைத்தால் முன்னவரின் 30 கதிரை அவருடையதாகிவிடும். எண்ணி முடிக்க நேரமில்லை என்றால் 'கணக்கெடுப்புக்கு உட்பட்டு' என்று எழுதிக் கையெழுத்திட வேண்டும். வங்கியில் கையெழுத்தை மாற்றப் புதிய அதிபரின் நியமனக் கடிதம், சங்கக் கூட்டத் தீர்மானத்தின் பிரதி, வலயத்தின் கடிதம் என்று கேட்பார்கள். கூட்டம் கூட்டப் பெற்றோருக்கு முன்னறிவித்தல் கொடுக்க வேண்டும், அதுவரை ஒரு காசோலையும் போகாது. முதல் கிழமையிலேயே கூட்ட அறிவித்தலை எழுதி ஒட்டிவிட வேண்டும், மாத முடிவில் போட்டோக்கொப்பிக் கடைக்காரர் பில்லோடு வந்து நிற்பார்.